சோற்றில் சமத்துவம், சொத்தில்?

2025 ஜூலைத் தொடக்கத்தில் மத்திய அரசு ஒரு செய்திக்குறிப்பை வெளியிட்டது. உலகிலேயே ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளின் வரிசையில் ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, பெலாரஸ் ஆகியவற்றுக்கு அடுத்து இந்தியா நான்காவது இடத்தில் நிற்கிறது என்றது அது. உலக வங்கியின் எண்ணே அதற்கு ஆதாரம். கினி குறியீட்டில் பூஜ்யம் என்றால் எல்லாரும் சமம். நூறு என்றால் எல்லாமே ஒருவரிடம். அந்த அளவுகோலில் 2011-12இல் 28.8 ஆக இருந்த இந்தியா 2022-23இல் 25.5க்கு இறங்கியிருக்கிறது.

எண்ணில் பொய் இல்லை. ஆனால், அது அளந்தது குடும்பங்களின் மாதச் செலவை. பட்டியலில் உள்ள வேறு பல நாடுகளுக்கு அளக்கப்பட்டது வருமானம். ஒரு பிள்ளையின் உயரத்தையும் இன்னொரு பிள்ளையின் எடையையும் வைத்துக்கொண்டு யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொன்ன கதைதான். உலக வங்கியின் அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது: உலக ஏற்றத்தாழ்வுத் தரவகத்தின் கணக்குப்படி, இந்தியாவின் வருமான கினி 2004இல் 52, 2023இல் 62. அந்த வரி செய்திக்குறிப்புக்குள் வரவில்லை.

அரசு எதைச் சொல்லாமல் விட்டது என்பதோடு இந்த விவகாரத்தை முடித்துவிடலாம். ஆனால் அதற்கு அடியில் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. வளரும் நாடொன்றில் ஒருவர் எந்த வர்க்கம் என்பதை எதை வைத்துச் சொல்வது? அவர் என்ன சாப்பிடுகிறார், என்ன சம்பாதிக்கிறார், என்ன வைத்திருக்கிறார் என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. முதல் இரண்டைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மூன்றாவதைப் பேசத் தயங்குகிறோம். நம் ஏற்றத்தாழ்வின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது.

ஒரே சம்பளம், இரண்டு வர்க்கம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னைப் புறநகரில் ஒரே நிறுவனத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கையில் வரும் சம்பளம் மாதம் 35,000 ரூபாய். ஒருவருக்குத் தாம்பரத்தில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. சாப்பாடும் படுக்கையும் அங்கே. அப்பாவுக்கு ஓய்வூதியம் வருவதால், வீட்டுக்குப் பணம் தர வேண்டிய தேவையும் இல்லை. மாதம் 15,000 ரூபாய்க்குக் குறையாமல் சேமிக்கிறார்.

மற்றவர் திருவாரூர்ப் பக்கத்து விவசாயக் கூலியின் மகன். அறை வாடகையும் சாப்பாடும் 11,000. கல்விக் கடன் தவணை 6,500. ஊருக்கு அனுப்புவது 10,000. மிச்சம் 7,500 ரூபாயில் பேருந்து, போன், துணிமணி, திருவிழாச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், அம்மாவின் தோடு கூட்டுறவு வங்கிக்குப் போகிறது.

கணக்கெடுப்பு அலுவலர் வந்தால், இருவரின் மாதச் செலவும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பதிவாகும். வாடகையும் மருத்துவச் செலவும் சேர்வதால், இரண்டாமவரின் குடும்பம் கூடுதலாகச் செலவழிப்பதாகக்கூடக் காட்டலாம். வருமான வரித் துறையின் கண்ணிலும் இருவரும் சமம். பத்து வருடம் கழித்து முதலாமவர் அப்பா கொடுத்த முன்பணத்தில் ஒரு அடுக்ககக் குடியிருப்பு வாங்கியிருப்பார். இரண்டாமவர் தங்கைக்குக் கல்யாணம் முடித்து, கடனை அடைத்து, அப்போதுதான் பூஜ்யத்துக்கு வந்திருப்பார். சோம்பலோ ஊதாரித்தனமோ இதற்குக் காரணமில்லை. ஒருவர் சொத்திலிருந்து தொடங்கினார், மற்றவர் கடனிலிருந்து.

இதற்கு மாக்ஸ் வெபர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விளக்கம் தந்திருக்கிறார். சந்தைக்குள் நுழையும்போது ஒருவர் கையில் எது இருக்கிறதோ, சொத்தோ திறமையோ, அதுதான் அவருடைய வாழ்க்கை வாய்ப்புகளைத் தீர்மானிக்கிறது என்பது அவர் பார்வை. மார்க்ஸ் இன்னும் கறாரானவர்: உற்பத்திச் சாதனம் யாரிடம் இருக்கிறதோ அவர் முதலாளி, உழைப்பை மட்டும் விற்கக்கூடியவர் தொழிலாளி. இந்தியாவில் மார்க்ஸின் கோடு சற்றே கலங்கிப்போகிறது. 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்புப்படி, வேலை செய்பவர்களில் 58 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சுயதொழில் செய்பவர்கள். தள்ளுவண்டியில் இட்லி விற்பவர் தன் வண்டிக்கும் அடுப்புக்கும் உரிமையாளர்தான். ஆனால், அவரை முதலாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தினத் தண்டலுக்கு வாங்கிய பணத்தில் காலையில் மாவு வாங்கி, மாலையில் வட்டியோடு திருப்பித் தருபவர் அவர்.

இங்கே கோட்டை வேறு இடத்தில் போட வேண்டியிருக்கிறது. கைமாற்று வாங்காமல் ஆறு மாதம் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? மகளைப் படிக்க வைக்க வங்கி கேட்கும் ஈட்டுக்கு ஒரு பத்திரம் இருக்கிறதா? பிடிக்காத முதலாளியிடம் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத் துணிவு உண்டா? இந்தக் கேள்விகளுக்கு ஆமாம் என்பவர்கள் ஒரு பக்கம், இல்லை என்பவர்கள் மறுபக்கம். சம்பளச் சீட்டைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

வளைவு தலைகீழானது

1955இல் பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ் ஒரு நம்பிக்கையான கருதுகோளை முன்வைத்தார். நாடு விவசாயத்திலிருந்து தொழிலுக்கு மாறும்போது ஏற்றத்தாழ்வு முதலில் கூடும். வளர்ச்சி முற்றியதும் தானாகவே குறையும். கவிழ்த்த கிண்ணம் போன்ற அந்த வளைவு, வளரும் நாடுகளின் கொள்கை வகுப்பாளர்களுக்கு நீண்ட காலம் ஆறுதலாக இருந்தது. ‘முதலில் வளர்வோம், பங்கீடு பிறகு’ என்ற வாதத்துக்கு அது கௌரவம் கொடுத்தது.

இந்தியாவில் நடந்தது நேர்மாறு. நிதின் பார்தி, லூகாஸ் சான்செல், தோமா பிக்கெட்டி, அன்மோல் சோமஞ்சி ஆகியோர் 2024இல் வெளியிட்ட ஆய்வு 1922 முதல் 2023 வரையிலான நூறாண்டுக் கணக்கை எடுத்துவைக்கிறது. விடுதலைக்குப் பிறகு, உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்தினரின் வருமானப் பங்கு படிப்படியாகக் குறைந்து, 1980களின் தொடக்கத்தில் சுமார் 6 சதவீதத்தைத் தொட்டது. அதன் பிறகு ஏறத் தொடங்கி 2022-23இல் 22.6 சதவீதத்தில் நிற்கிறது. செல்வத்தில் அவர்கள் பங்கு 40.1 சதவீதம். வரித் தரவு, மாதிரிக் கணக்கெடுப்பு, பணக்காரர் பட்டியல் ஆகியவற்றை இணைத்துச் செய்த மதிப்பீடு இது. முறையியல் குறித்துச் சில பொருளியலாளர்களுக்கு மறுப்பு உண்டு. ஆனால் மறுப்பவர்கள் கையிலும் மாற்றாக நல்ல செல்வக் கணக்கு கிடையாது. அரசு அதை அடிக்கடி எடுப்பதில்லை.

அரசே எடுத்த கடன் - முதலீட்டுக் கணக்கெடுப்பு ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. 2019இல் எடுத்ததைப் பார்த்தாலே போதும்: மேலே உள்ள பத்தில் ஒரு பங்குக் குடும்பங்களிடம் மொத்தச் சொத்தில் பாதிக்கும் மேல். கீழே உள்ள பாதிப் பேரிடம் கிராமத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. நகரத்தில் அதுவும் இல்லை. குடும்பங்களின் சொத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிலமும் கட்டடமும்தான். பங்குச்சந்தை, மியூச்சுவல் ஃபண்ட் என்று எவ்வளவு பேசினாலும், இந்தியக் குடும்பத்தின் செல்வம் இன்னும் பட்டாவிலும் பத்திரத்திலும்தான் இருக்கிறது.

நூறாண்டாகப் பார்க்கப்பட்ட ஓர் ஊர்

நிலம் யாரிடம் இருந்தது, எப்படிக் கைமாறியது என்பதைத் தமிழ்நாட்டைப் போல நெருங்கி ஆராய்ந்த இடங்கள் இந்தியாவில் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்களில் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இருவேல்பட்டு. அந்த ஊருக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ.ஜெயரஞ்சன், கி.நாகராஜ் ஆகியோர் அதை மீண்டும் ஆராய்ந்தனர்.

ஒரு காலத்தில் பெருநிலக்கிழார்களின் கைக்குள் இருந்த ஊர் அது. நூறாண்டுக் கணக்கில் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. தலித் குடும்பங்கள் பண்ணை வேலையை நம்பியிருந்த நிலையிலிருந்து பெரிதும் விலகிவிட்டன. ரேஷன் அரிசி, பள்ளி, வெளியூர் வேலை ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தத் தளையை அறுத்தன. நலத்திட்டங்களை ‘இலவசம்’ என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இந்த ஊரின் கதையைப் படிக்க வேண்டும். வீட்டில் அரிசி இருந்தால்தான் கூலிக்காரர் பேரம் பேச முடியும். ஆனால், வெளியே கிடைத்த வேலை பெரும்பாலும் முறைசாரா வேலை. ஒருவரிடம் அடிமைப்படவில்லை என்ற விடுதலை வந்தது. சொந்தமாக ஒன்று இருக்கிறது என்ற பலம் அதே அளவுக்கு வரவில்லை.

தஞ்சைக் கிராமம் ஒன்றில், அக்ரகாரத்தில் தங்கி ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேய் 1965இல் ‘காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்’ நூலை வெளியிட்டார். ஒரு காலத்தில் அந்த ஊரில் சாதி மேன்மை, நிலவுடைமை, அதிகாரம் மூன்றும் ஒரே தெருவில் குடியிருந்தன. தேர்தல் அரசியலும் நிலச் சந்தையும் வந்தபோது மூன்றும் தனித்தனியே பிரியத் தொடங்கின. முதலில் நகர்ந்தது அதிகாரம்: எண்ணிக்கை பலமுள்ள பிராமணரல்லாதார் கைக்கு அது போனது. வர்க்கம், அந்தஸ்து, கட்சி என்று வெபர் பிரித்துக் காட்டிய மூன்றும் காவிரிக் கரையில் கண்ணெதிரே பிரிந்ததை அவர் பதிவு செய்தார்.

தமிழ்நாட்டின் நூறாண்டுச் சமூக வரலாற்றை இந்த மூன்றையும் வைத்தே எடைபோடலாம். அந்தஸ்தைத் தாக்கியது சுயமரியாதை இயக்கம். அதிகாரத்தை மாற்றியது வாக்குச்சீட்டு. இட ஒதுக்கீடும் பள்ளிகளும் கல்வியைப் பரவலாக்கின: உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28 சதவீதமாக இருந்த 2021-22இல் தமிழ்நாட்டில் 47. இவையெல்லாம் சாதாரண சாதனைகள் அல்ல. சொத்தில் மட்டும் கதை பாதியில் நின்றது. 1961இன் நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கரில் தொடங்கி, 1970இல் 15 ஆகக் குறைந்தது. பினாமிப் பெயர்களிலும் விலக்குகளிலும் பெரும்பகுதி நீர்த்துப்போனது. ஆதிதிராவிடர்களுக்கென ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் எவ்வளவு இன்று யார் கையில் இருக்கிறது என்பது தேர்தலுக்குத் தேர்தல் எழுந்து அடங்கும் கேள்வி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 17 சதவீதமுள்ள பட்டியல் சாதியினரிடம் இருக்கும் சாகுபடிப் பரப்பு ஏறக்குறைய 9 சதவீதம்.

இதற்கு விதிவிலக்காக ஒரு சட்டம் உண்டு. 1971இல் வந்த குடியிருப்பு மனை உரிமைச் சட்டம், நிலவுடைமையாளரின் இடத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது. அதுவரை கூலி உயர்வு கேட்டால் குடிசையைக் காலி செய் என்று மிரட்டலாம். 1968இல் கூலிப் பிரச்சினையை ஒட்டி 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணி, இப்படிப்பட்ட மிரட்டல்கள் நடந்த கீழத் தஞ்சையில்தான் இருக்கிறது. மனை சொந்தமானதும் அந்த மிரட்டல் செல்லாக்காசானது. ஒரு சில சென்ட் நிலம்தான்; ஆனால், உறவின் இலக்கணத்தையே மாற்றிவிட்டது. சிறு சொத்துகூட வர்க்க உறவை மாற்றும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று தேவையில்லை.

சாதி என்னும் உயில்

அம்பேத்கர் சாதியை வேலைப் பிரிவினை என்று ஏற்க மறுத்தார். அது வேலை செய்பவர்களையே பிரிக்கும் ஏற்பாடு, அதுவும் படிப்படியாக அடுக்கிய ஏற்பாடு என்றார். வர்க்கக் கோட்பாட்டுக்கு இது எவ்வளவு பெரிய திருத்தம் என்பதை நாம் இன்னும் முழுதாக உள்வாங்கவில்லை. ஐரோப்பியத் தொழிலாளி தன் வர்க்கத்தவரோடு சேர்ந்து போராடலாம் என்று மார்க்ஸ் எதிர்பார்த்தார். இங்கே ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் தனக்குக் கீழே இன்னொரு படி தெரிகிறது. அதனால், மேலே பார்த்துக் கோபப்படுவதைவிடக் கீழே பார்த்து நிம்மதியடைவது எளிதாகிவிடுகிறது.

சாதி இன்னொன்றையும் செய்கிறது. சொத்தை ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்ற வைக்கிறது. திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த ஷரத் சாரி, கவுண்டர் சமூகத்தில் விவசாயப் பின்னணியிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் எப்படி முதலாளிகளானார்கள் என்று 2004இல் ஒரு நூலில் விவரித்தார். உழைப்பால் மேலே வந்தோம் என்பதே அவர்கள் சொன்ன சுயசரிதை. உழைத்தது உண்மை. அதே தளத்தில் தலித்துகளும் உழைத்தார்கள், பெண்களும் உழைத்தார்கள். வித்தியாசம், பின்னால் ஓர் ஏக்கரோ பங்காளியோ நம்பிக் கடன் கொடுக்கும் உறவினரோ இருந்தாரா என்பதில் இருந்தது. ஆரணியைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்த பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டும், முறைசாராப் பொருளாதாரத்தை நடத்துவது அரசின் சட்டத்தைவிடச் சாதியும் குடும்பமும்தான் என்ற முடிவுக்கு வந்தார்.

சொத்து உருமாறிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியே இதைத்தான் பணம், பண்பாடு, தொடர்பு என்று பல வடிவ மூலதனங்களாகப் பிரித்து, ஒன்று மற்றொன்றாக மாறும் வித்தையை விளக்கினார். தமிழ்நாட்டில் இதற்குப் பாடப்புத்தகம் போன்ற உதாரணம் இருக்கிறது. நிலம் வைத்திருந்த பிராமணக் குடும்பங்கள் கிராமத்தைவிட்டு நகரத்துக்குப் போய், நிலத்தைக் கல்வியாகவும், கல்வியை அரசு வேலையாகவும், பிறகு மென்பொருள் வேலையாகவும் மாற்றிக்கொண்ட வரலாற்றைக் கிறிஸ் ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் எழுதியிருக்கிறார்கள். சென்னை ஐஐடியை ஆராய்ந்த அஜந்தா சுப்பிரமணியன், இப்படிச் சேர்ந்த முன்னிலையே கடைசியில் ‘தகுதி’ என்ற பெயரில் எப்படி வலம்வருகிறது என்று 2019இல் காட்டினார்.

தகுதி வாதத்துக்கும் ஒரு கோட்பாடு உண்டு. கடினமான பொறுப்புகளுக்குத் திறமைசாலிகள் வர வேண்டுமென்றால் கூடுதல் பலன் தர வேண்டும், அதனால் ஏற்றத்தாழ்வு சமூகத்துக்குத் தேவை என்று 1945இல் டேவிஸும் மூரும் வாதிட்டார்கள். 1953இல் மெல்வின் டூமின் பதில் சொன்னார்: ஏற்றத்தாழ்வு இறுகியிருக்கும் சமூகத்தில் யாரிடம் திறமை இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே வழியில்லை, வாய்ப்புகள் பிறப்பிலேயே பங்கிடப்பட்டுவிடுகின்றன. பல லட்சம் ரூபாய் கட்டி இரண்டு வருடம் பயிற்சி மையத்தில் உட்காரக்கூடியவர்களுக்கிடையே நடக்கும் போட்டியை ‘திறந்த போட்டி’ என்று நாம் அழைப்பதைப் பார்த்தால், டூமினின் பக்கம்தான் நியாயம் என்று தோன்றுகிறது.

பதிவு அலுவலகத்தில் ஒரு பாடம்

கோட்பாடு எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். டோக்கன் எண்ணைப் பார்த்தபடி கூட்டம் நிற்கும். ஆவண எழுத்தர் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் புரட்டுவார். உள்ளே புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் மூன்று விதமானவர்கள் இருப்பார்கள்.

முதலில், நிலம் வாங்க வந்தவர். கட்டட வேலை செய்து சேர்த்த பணத்தில் பத்து லட்சம் ரூபாய்க்கு ஒரு மனை வாங்குகிறார் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக, 90,000 ரூபாய். மனைவி பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் தரப்படும் ஒரு சதவீதச் சலுகை போக 80,000.

அடுத்து, மகனுக்குச் சொத்தை எழுதிவைக்க வந்த தந்தை. குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்; ஆனால், 2023இல் உயர்த்திய பிறகும் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000. சொத்து பத்துக் கோடி ரூபாய் பங்களாவாக இருந்தாலும் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் போகாது. பெறுபவருக்கு வருமான வரியும் கிடையாது, உறவினர் கொடுத்த பரிசு என்பதால்.

மூன்றாவதாக, கையெழுத்துப் போட வந்த சகோதரி. தமிழ்நாடு 1989இலேயே பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்தது. அந்த உரிமையை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுத்தரும் விடுதலைப் பத்திரத்தில் அவர் கைநாட்டோ கையெழுத்தோ வைக்கிறார். ‘பிறந்த வீட்டு உறவு முறியக் கூடாது’ என்பதற்காகக் கொடுக்கும் விலை அது.

ஆக, உழைத்துப் பத்து லட்சம் ரூபாய் மனையை வாங்குபவர் கட்டுவது, பிறந்த காரணத்தால் பத்துக் கோடி ரூபாய் சொத்தைப் பெறுபவர் கட்டுவதைவிடக் கூடுதல். குடும்பத்துக்குள் வழக்கு வராமல் சொத்து மாற வேண்டும், இரண்டு சென்ட் வீட்டை மகனுக்கு எழுதும் ஏழைத் தந்தைக்குச் சுமை கூடக் கூடாது என்பது இந்த உச்சவரம்பின் நோக்கமாக இருக்கலாம். நியாயம்தான். ஆனால், ஏழைக்காக வைத்த குடையின் கீழ் பெரும்பணக்காரர் வசதியாக நிற்கிறார்.

எடுத்து எறிந்த கருவிகள்

இது தற்செயலாக நடந்ததல்ல. வாரிசுச் சொத்து மீது வரி என்பது இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. 1953 முதல் 1985 வரை மரணச் சொத்து வரி இருந்தது. மிகப்பெரிய சொத்துகளுக்கு 85 சதவீதம் வரை விகிதம் போனது. வசூல் சொற்பம், நிர்வாகச் செலவு அதிகம் என்று அப்போதைய நிதியமைச்சர் வி.பி.சிங் அதை ரத்து செய்தார். 1957இல் வந்த செல்வ வரியை 2015-16 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி ரத்து செய்தார். அதற்கும் அதே காரணம்: 2013-14இல் கிடைத்தது 1,008 கோடி ரூபாய் மட்டுமே. பங்குகள் உள்ளிட்ட பெரும் செல்வங்களுக்கு முன்பே விலக்குக் கொடுத்துவிட்டு, வசூல் வரவில்லை என்று வருந்துவது விசித்திரமான நியாயம். 2019இல் நிறுவன வரி 22 சதவீதமாகக் குறைந்தது.

2024 மக்களவைத் தேர்தலின்போது வாரிசு வரி பற்றி ஒருவர் வாய்திறந்ததும் நாடே அதிர்ந்தது. தாலியைக்கூடப் பறித்துவிடுவார்கள் என்று மேடைகள் முழங்கின. அந்தக் கருத்தைச் சொன்னவரின் கட்சியே அவசர அவசரமாக விலகிக்கொண்டது. ஜப்பானில் உச்ச விகிதம் 55 சதவீதம், தென் கொரியாவில் 50. இரண்டும் பொதுவுடைமை நாடுகள் அல்ல. இரண்டும் வளராமல் போகவும் இல்லை. இங்கே மட்டும் அந்தச் சொல்லே தீட்டாகிவிட்டது.

அரசமைப்புச் சட்டம் இந்த விஷயத்தில் மௌனமாக இல்லை. செல்வம் ஒரு சிலரிடம் குவிந்து பொதுமக்களுக்குக் கேடு விளையக் கூடாது என்கிறது 39(சி) கூறு. தனியார் சொத்து முழுவதையும் சமூகத்தின் வளம் என்று கருத முடியாது என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது உண்மை. அந்தத் தீர்ப்பு பேசியது சொத்தைக் கையகப்படுத்துவதைப் பற்றி. சொத்து மீது வரி போடக் கூடாது என்று அது சொல்லவில்லை. அரசியலில் சமத்துவமும் பொருளாதாரத்தில் சமத்துவமின்மையும் நீண்ட காலம் ஒன்றாக வாழ முடியாது என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று எச்சரித்தார். ஒவ்வோர் ஆண்டும் அதை நினைவுகூர்கிறோம். கணக்குப் பார்ப்பதில்லை.

இரண்டு மறுப்புகள்

வரி போட்டால் பணக்காரர்கள் நாட்டைவிட்டே போய்விடுவார்கள் என்பது முதல் மறுப்பு. பணம் போகலாம், நிலம் போகாது. இந்தியக் குடும்பச் சொத்தில் பெரும்பங்கு நிலமும் கட்டடமும் என்பதை மேலே பார்த்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பண்ணை வீட்டைத் துபாய்க்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. பெரும்பணக்காரர்களைக் குறிவைக்கும் வரி, கடைசியில் நடுத்தரக் குடும்பத்தின் ஒற்றை வீட்டின் மேல் விழும் என்ற பயம். 1985க்கு முந்தைய அனுபவம் இந்தப் பயத்துக்கு ஓரளவு இடம் கொடுக்கிறது. எல்லையைத் தாழ வைத்து, விகிதத்தை வானளவு ஏற்றி, தொல்லையை எல்லாருக்கும் பங்கிட்ட வரி அது. பாடம் என்னவென்றால், எல்லையை உயரத்தில் வைக்க வேண்டும், விகிதத்தை மிதமாக வைக்க வேண்டும், குடியிருக்கும் வீட்டுக்கு விலக்குத் தர வேண்டும்.

நலத்திட்டங்களுக்கு எதிராகவும் இந்த வாதத்தைத் திருப்பக் கூடாது. 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் மகளிர் உரிமைத் தொகையும், கட்டணமில்லாப் பேருந்தும், காலை உணவும் வாழ்க்கையைத் தொட்டிருக்கின்றன. செலவு கினி குறைந்ததில் இவற்றுக்கும் ரேஷனுக்கும் பங்கு உண்டு. ஆனால், இவை மாதம் முடிந்தால் தீர்ந்துபோகும். சொத்து தலைமுறைக்கும் நிற்கும். ஒரு கையால் சோறு போட்டுவிட்டு, மறு கையால் சொத்து இடைவெளியை வளரவிட்டால், ஏழையின் பேரனும் அதே ரேஷன் வரிசையில்தான் நிற்பான், சற்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு.

மாநிலம் செய்யக்கூடியது

டெல்லி செய்ய வேண்டியவை பல. சொத்துக் கணக்கெடுப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். சாதிவாரியாக வெளியிட வேண்டும். வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி கேட்கப்படவிருக்கிறது. எத்தனை பேர் என்பதோடு எவ்வளவு சொத்து என்பதும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் டெல்லியைக் கைகாட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கிரயம், செட்டில்மென்ட் போன்ற பத்திரங்களின் முத்திரைத் தீர்வை விகிதம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. விவசாய நிலத்தின் வாரிசுரிமை மீதான தீர்வையும் மாநிலத்தின் அதிகாரமே. எனவே தமிழ்நாடு அரசு ஒரு சிறு திருத்தத்தோடு தொடங்கலாம். செட்டில்மென்ட் பத்திரத்தின் உச்சவரம்பை ஒரு கோடி ரூபாய் மதிப்பு வரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் படிப்படியாக விகிதத்தை ஏற்றலாம். அப்போது பலர் பத்திரம் எழுதாமல் உயிலோடு விட்டுவிடுவார்கள் என்பது உண்மைதான். விவசாய நிலம் நீங்கலாக, உயில் வழியாகவோ வாரிசுரிமை வழியாகவோ வரும் பெருஞ்சொத்துக்கும் சேர்த்து வழிசெய்யும் சட்டம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. அதைக் கேட்கும் தார்மிக உரிமை, தன் கையில் இருப்பதை முதலில் செய்த மாநிலத்துக்குத்தான் வரும்.

அதில் கிடைக்கும் பணத்தைப் பொதுக் கணக்கில் கரைத்துவிடாமல், வீட்டுமனை இல்லாதவர்களுக்கு மனை வாங்கிப் பட்டா கொடுக்க ஒதுக்கலாம். பட்டாவைப் பெண்ணின் பெயரில் கொடுக்கலாம். பத்து லட்சத்துக்குக் கீழே முதல் மனை வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வையை முழுதாகத் தள்ளுபடி செய்யலாம். 1971இல் குடிசை போட்ட மனையைச் சொந்தமாக்கிய மாநிலம் இது; அந்தச் சட்டத்தைக் கொண்டுவர அன்று எந்த உலக அறிக்கைக்கும் காத்திருக்கவில்லை. அடுத்த பட்ஜெட்டில் பதிவுத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது, வருவாய் எவ்வளவு கூடியது என்று கேட்பதோடு சட்டமன்ற உறுப்பினர்கள் நிறுத்திக்கொள்ளக் கூடாது. அந்த வருவாயில் எவ்வளவு சொத்து சம்பாதித்தவர்களிடமிருந்து வந்தது, எவ்வளவு சொத்துக்குப் பிறந்தவர்களிடமிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். பதிவுத் துறையின் கணினியில் விடை ஏற்கெனவே இருக்கிறது.